நாலு பிடிப்பு

"கட்டைவிரல மடக்காதீங்க சார். மத்த விரலோட சேர்த்து ஒரே பக்கம் வைங்க. எஞ்சின் திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிடும்."

சென்னை புதுப்பேட்டைச் சந்து ஒன்றில், 1978ஆம் வருடத்து அம்பாசடர் மார்க் 3 முன்னால் குனிந்து நின்றேன். பம்பருக்கு நடுவிலிருக்கும் துளை வழியாக ஹாண்டிலை நுழைத்து என் கையில் கொடுத்திருந்தார் மெக்கானிக் பாய். வண்டி என் மாமாவுடையது. மூன்று மாதமாக ஸ்டார்ட் ஆகவில்லை. இதற்கு முன் போன பட்டறையில் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் இல்லை, ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கி போர் பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிற முடிவுக்கு மாமா வந்திருந்தார்.

சாவியைப் பாய் தொடவேயில்லை. "மெதுவா சுத்துங்க. கைக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க."

முதல் அரைச்சுற்றில் ஹாண்டில் திமிறியது. தம் கட்டி அழுத்தித்தான் தாண்ட முடிந்தது. அடுத்த அரைச்சுற்று, வாளி கட்டாத ராட்டினம் போல வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி திமிறல், மறுபடி வழுக்கல்.

"ஒண்ணு விட்டு ஒண்ணா?"

"ஆமாம் பாய்."

அவர் தலையசைத்தார். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும். ஹாண்டிலை இரண்டு சுற்று சுற்றினால் நாலு பிடிப்பு கிடைக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்று தளர்ந்தால், வெளியோரத்து 1, 4 ஒரு கட்சி, நடுவிலிருக்கும் 2, 3 இன்னொரு கட்சி. பெரும்பாலும் நடுவிலிருப்பவைதான் படுத்திருக்கும் என்றார். நாலும் போயிருந்தால் ஹாண்டில் ஒரே சீராக வழுக்கியிருக்கும்.

"அங்க கம்ப்ரஷன் கேஜ் போட்டப்ப ஆக்சிலரேட்டர மிதிச்சாங்களா?"

நான் அன்று பக்கத்திலேயே நின்றிருந்தேன். யாரும் மிதிக்கவில்லை. கார்புரேட்டரின் வாய் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் போதிய காற்று போகாது. நல்ல எஞ்சின்கூட நோயாளி போலத்தான் காட்டும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் அப்படியே. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு கொதித்தது.

நாலு பிளக்கையும் கழற்றி, எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்கினார். காயில் ஒயரைப் பிடுங்கினார். சார்ஜ் ஏற்றிய பேட்டரி வந்தது. உதவிக்கு இருந்த தம்பி உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தான். கேஜைப் பிளக் துளையில் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஆறு தடவை செல்ஃப் எடுக்கச் சொன்னார். சுவரில் சாக்பீஸால் எழுதினார்: 95, 40, 45, 90. நல்ல நிலையில் 120 பவுண்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் ஒன்றாகப் படுத்தால் ஹெட் கேஸ்கட் மேல்தான் சந்தேகம் போகும். அதற்கும் அவர் அவசரப்படவில்லை. இரண்டாவதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி கேஜ் வைத்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து முள் விருட்டென்று ஏறும். முள் 45ஐத் தாண்டவில்லை.

பிறகு ஒரு விசித்திரமான கருவியை எடுத்தார். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, கூட்டோடு காற்றுக் குழாயைப் பற்றவைத்திருந்தார். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, டாப் கியரில் போட்டு, ஹாண்ட் பிரேக் இழுத்து, அதன் வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினார். "பின்னாடி போங்க சார். சைலன்சர்ல காத வைங்க."

மண் தரையில் முழங்காலிட்டேன். புகைக்குழாய்க்குள் யாரோ நீளமாக மூச்சு விடுவது போல் 'ஸ்ஸ்ஸ்' என்றது. பக்கத்துப் பிளக் துளையில் சத்தமில்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை, ஆயில் ஊற்றும் வாயில் இரைச்சல் இல்லை. கேஸ்கட் நிரபராதி, ரிங்கும் நிரபராதி. எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை.

பிளக்கைத் தவிர ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாமல் எஞ்சினிடம் இத்தனை கேள்வி கேட்டிருந்தார். இந்த வண்டியில் கணினியைச் செருக இடம் கிடையாது. கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது பதில் சொல்லும்.

டாப்பெட் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜை வைத்தார். அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் தகடு நுழையவே இல்லை. இடைவெளியைச் சரிசெய்ததும் 40 என்பது 65 ஆனது. "பாதித் திருடன் கிடைச்சிட்டான்." ஹெட்டை மட்டும் கழற்றினார்.

வால்வு உட்காரும் சீட்டு, வருடக்கணக்கில் இடித்த உரல் போலக் குழிந்திருந்தது. இது பெட்ரோலால் வந்த வினை. இந்த எஞ்சின் உருவான காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது சீட்டின் மேல் மெல்லிய மெத்தை போலப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்காக ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. நம் மூச்சுக்கு அது பெரிய நன்மை. மெத்தை போனதும் பழைய வார்ப்பிரும்புச் சீட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்தன. வால்வு மேலேறி டாப்பெட் இடைவெளியைத் தின்றது. 2, 3க்கு எக்ஸாஸ்ட் வழி ஒன்றே என்பதால் அங்கே சூடும் அதிகம்.

லேத்தில் கெட்டி எஃகு வளையங்கள் பதித்து ஹெட் திரும்பி வந்தது. ஜி.பி. ரோட்டில் கேஸ்கட் வாங்கி வந்தேன். பாய் பேஸ்ட் தடவி, ரப்பர் கிண்ணம் வைத்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டி, மத்தால் கடைவது போல வால்வைக் கடைந்தார். சரசரப்பு மெல்ல மெல்ல மிருதுவானது. ஹெட்டைக் கவிழ்த்துக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றினார். அரை மணி நேரம் கழித்தும் துளி கசியவில்லை.

எல்லாம் பூட்டி முடிந்ததும் சுவரில் பழைய எண்களுக்குக் கீழே எழுதினார்: 125, 120, 120, 125. மாமா சாவியை நீட்டினார். பாய் வாங்கவில்லை. ஹாண்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரே மாதிரித் திமிறியது.

"எத்தன சார்?"

"நாலு பாய்."

"இப்ப சாவி போடுங்க."