ஆயில் சீல்

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு சரிவு உண்டு. பைக்கை முறுக்கி ஏத்தினால் மறுபக்கம் 1 மீட்டர் கீழே, காய்ந்த சமதரையில் போய் விழலாம். எல்லாரும் தாண்டியிருக்கோம். தம்பி தாண்டின அன்னைக்கு அவன் காறை எலும்பு உடைஞ்சது. வண்டி என்னோடது.

"தப்பா இறங்கிட்டேண்ணே" என்றான். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறான்.

தரையை விட்டுவிட்டால் வண்டி போகிற பாதையை யாராலும் மாற்ற முடியாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் முன்பக்கம் தூக்கும், பின் பிரேக்கை அமுக்கினால் தாழும். அவ்வளவுதான். விழுகிற இடமும் வேகமும் கிளம்பும்போதே முடிவாகிவிட்டது. 1 மீட்டர் விழுந்தால் தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர்.

அந்த வேகத்தை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி. மோட்டோகிராஸ் வண்டியின் சஸ்பென்ஷன் சுமார் 30 சென்டிமீட்டர் அமுங்கும். அப்போது தாங்க வேண்டிய விசை, சராசரியாக மொத்த எடையைப்போல 4 மடங்குக்குக் கொஞ்சம் மேல். 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 11 மடங்கு. பந்தயத்தில் மேட்டைத் தாண்டுகிறவர்கள் இறக்கச் சரிவில் போய் இறங்குவதும் இதனால்தான். சரிவு அடியின் பெரும்பகுதியை முன்னோக்கிய ஓட்டமாக்கிவிடும்.

ஆனால் ஸ்பிரிங் அடியை விழுங்குவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே திருப்பித் தரும். விழுங்குவது ஃபோர்க்குக்குள் இருக்கிற ஆயில். சின்னத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு ஓடும்போது அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடும். ஆயில் இல்லாத ஃபோர்க் கடைசிவரை அமுங்கி, இரும்போடு இரும்பு முட்டி, வேகமாக எகிறும். தம்பி விழுந்தபோது 'டங்'கென்று ஒரு சத்தம் கேட்டது. முன்சக்கரம் தரையைத் தொட்டுத் துள்ளியது. ஹேண்டில்பார் கையை விட்டுப் போனது.

அப்புறம் மெக்கானிக் அண்ணன் ஃபோர்க்கைக் கழற்றிக் கவிழ்த்தார். இரண்டு ஸ்பூன் கறுப்பு ஆயில் வந்தது. "எத்தனை நாளா லீக் ஆகுது தம்பி?"

மூணு மாசம். சீல் போனது எனக்குத் தெரியும். தினமும் காலையில் ஃபோர்க்கில் வழிந்த ஆயிலைப் பழைய துணியால் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். துடைச்சா சரியாப்போச்சுன்னு ஒரு நினைப்பு. அன்னைக்குச் சாவியைக் கேட்டபோதும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே தூக்கிப் போட்டேன்.

மழைக்காலத்தில் தோள் வலிக்கிறது என்கிறான். "அன்னைக்கு இன்னும் கொஞ்சம் பின்னாடி சாஞ்சிருக்கணும்ணே" என்பான். நான் டீயை ஊதிக் குடிப்பேன்.

நீ சரியாத்தான்டா இறங்கின.