திரும்பினால் அலறும்!

ஏனாத்தூர் சத்தம் போடாத ஊர். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுக் காஞ்சிபுரம் பக்கம் ஒதுங்கினால் வயல், மரங்கள், 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயம். அவ்வளவுதான். அந்த ஊருக்குள் நாங்கள் நுழைந்தது மட்டும் கல்யாண ஊர்வலம் மாதிரி!

உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று நண்பரின் பழைய காரில் கிளம்பியிருந்தோம். (கம்பெனி பெயர் வேண்டாம். வயசானால் யாருக்கும் வருகிற கோளாறுதான்.) இடது பக்கம் ஒடித்தபோது ஹாரன் "பாம்" என்றது. பட்டனில் யாரும் கை வைக்கவில்லை. அடுத்த வளைவில் மறுபடி. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை.

முன்னால் போன லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். "என்னா அவசரம் சார் உங்களுக்கு?" நண்பர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். சும்மா இருக்கும் கையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் போய் பயம் வந்துவிட்டது.

சிரிப்பு இருக்கட்டும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி கல்வி நிலையத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் ஆகலாம். உள்ளே யாரோ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கலாம். போதாததற்கு, ஹாரன் தொடர்ந்து அடிப்பதற்காகச் செய்த சாமான் இல்லை. விடாமல் அடித்தால் உள்ளே காயில் சூடேறிக் கருகும், ஒயரும் சுடும்.

டூ வீலர் ஒர்க்ஷாப் வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். பானெட்டைத் திறந்து ஹாரனுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினார். அப்பா! அந்த நிமிஷம் குருவிச் சத்தம்கூட கேட்டது.

"தம்பி, எல்லாரும் பட்டன்ல கரண்ட் வருதுன்னு நினைக்கிறாங்க. பழைய வண்டியில கரண்ட் எப்பவும் காத்துக்கிட்டிருக்கும். பட்டனை அமுக்கினா எர்த் கிடைக்கும், அவ்வளவுதான்."

பி.காம். படித்த எனக்கு இது உடனே புரிந்தது. டெபிட் ரெடி, கிரெடிட் விழுந்தால் கணக்கு முடியும். பட்டனுக்கு வருகிற ஒயர் வழியில் எங்கே இரும்பைத் தொட்டாலும் காருக்கு அது பட்டன் அமுக்கினது மாதிரிதான்.

அடுத்து ரிலேயிலிருந்து ஸ்டீயரிங்குக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு ஹாரனை மறுபடி மாட்டினார். சத்தமில்லை. "ரிலே பாயிண்ட் ஒட்டிக்கிட்டிருந்தா இப்பவும் கத்தும். அப்ப ரிலே நல்லாத்தான் இருக்கு. கோளாறு மேலே." ஸ்டீயரிங் நடுவிலிருந்த மூடியைக் கழற்றினார். பல வருஷமாகத் திரும்பித் திரும்பி ஒயரின் மேல் தோல் உரசித் தேய்ந்து, செம்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒடித்தால் தண்டில் போய் ஒட்டும்.

நண்பர் ஆர்வமாக இன்சுலேஷன் டேப்பை எடுத்து நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை. வெயிலில் கோந்து இளகி டேப் நழுவிவிடுமாம். தேய்ந்த துண்டை வெட்டிப் புது ஒயர் சேர்த்து, மேலே ஸ்லீவ் மாட்டி, உரசாத பக்கமாக ஒதுக்கிக் கட்டினார். "இதே மாதிரி ஏர்பேக் வண்டியில கை வெச்சிடாதீங்க. அதுக்குத் தெரிஞ்சவன் வேணும்" என்று எச்சரிக்கை வேறு.

1908-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஹாரனுக்கு 'கிளாக்ஸன்' என்று பேர் வைத்தார்கள். அலறுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மதியம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் சுவரெல்லாம். வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த நிலம் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. நண்பர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏம்ப்பா, வீட்ல கேட்டா ஒர்க்ஷாப் செலவை எந்தக் கணக்குல எழுதறது?"