துருவத்தருகே நெருங்கும் கட்டங்கள்

அமைதியான நாளை ஓட்டினால் மேல்வளிமண்டல மாடல் உடைவதில்லை. காந்தப் புயல் அடித்த நாளை ஓட்டும்போதுதான் உடைகிறது. நமக்கு வேண்டியதோ அந்த நாள்தான். 2022 பிப்ரவரி 3ஆம் தேதி ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய நாற்பது மேலே ஏற முடியாமல் விழுந்து எரிந்தன. அன்று அடித்தது பெரும்புயல்கூட அல்ல. 210 கி.மீ. உயரத்தில் காற்று சூடாகி அடர்த்தி கூடியது, அவ்வளவுதான்.

அந்த அடர்த்தியைக் கணக்கிடும் மாடல்களில் ஒன்று டைஜிசிஎம். அமெரிக்காவின் போல்டரில் டிக்கின்சன், ரிட்லி, ரோபிள் மூவரும் 1981இல் வெளியிட்ட மாடலின் வழி வந்தது. இந்தக் குடும்பத்து மாடல்களை நிலையாக ஓடவைப்பதே என் வேலையின் பெரும்பகுதி. இதைக் கோடில் பழுது பார்ப்பதாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இது இயற்பியலின் நட்டநடுவே நிற்கும் வேலை. கணக்கு உடையாமல் இருக்க எதையாவது அடக்கியாக வேண்டும். நாம் அடக்குவதை இயற்கையும் அடக்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செங்குத்துத் திசையில் விடை நமக்குச் சாதகமானது. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. மூலக்கூறுகள் மோதாமல் நெடுந்தூரம் பறக்கின்றன. வெப்பமும் உந்தமும் அசுர வேகத்தில் பரவுகின்றன. பரவல் குணகம் விநாடிக்குப் பத்து லட்சம் சதுர மீட்டர், அடுக்குகளின் இடைவெளி 10 கி.மீ. என்று வையுங்கள். இப்போதைய மதிப்புகளை மட்டும் கொண்டு அடுத்த படியைக் கணக்கிடும் நேர்முறையில் காலப்படி 50 விநாடியைத் தாண்டக் கூடாது. இன்னும் மேலே போனால் அந்த எல்லை ஓரிரு விநாடிக்குச் சுருங்கிவிடும். அதனால் அடுத்த படியின் மதிப்புகளையே தெரியாத எண்களாக வைத்து, ஒரு தூணின் எல்லா அடுக்குகளையும் சேர்த்துத் தீர்க்கிறோம். ஒவ்வோர் அடுக்கும் மேலும் கீழுமுள்ள அண்டை அடுக்குகளோடு மட்டுமே பேசுவதால் மூன்று மூலைவிட்டங்கள் கொண்ட அணி கிடைக்கிறது. மேலிருந்து கீழ் ஒருமுறை, கீழிருந்து மேல் ஒருமுறை நடந்தால் விடை வந்துவிடும். இந்த முறை வேகமான மாற்றங்களை மழுக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் இயற்கையும் அங்கே அதைத்தான் செய்கிறது. சுமார் 300 கி.மீ.க்கு மேல் வெப்பநிலை உயரத்தோடு அதிகம் மாறாமல் இருப்பதே அதற்குச் சாட்சி.

துருவத்தில் கதை வேறு. தீர்க்கக் கோடுகள் எல்லாம் அங்கே கூடுகின்றன. 5 பாகைக் கட்டத்தில், 300 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டருகே இரு புள்ளிகளுக்கு இடையே சுமார் 580 கி.மீ. தூரம், 87.5 பாகை அகலாங்கில் அது 25 கி.மீ. புயலில் காற்று விநாடிக்கு 1 கி.மீ. வேகத்தை நெருங்கும், ஒலியும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஓடும். ஒரு காலப்படிக்குள் எந்த அலையும் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது என்று கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகியோர் 1928இலேயே வகுத்த நிபந்தனைப்படி, இரு வேகங்களையும் கூட்டிப் பார்த்தால் காலப்படி சுமார் 13 விநாடிக்குள் இருக்க வேண்டும். நாம் ஓட்ட விரும்புவதோ நிமிடக் கணக்கில். கட்டத்தை 0.625 பாகையாக நுணுக்கினால் அந்த 25 கி.மீ. வெறும் 400 மீட்டராகிவிடும்.

பழைய தீர்வு ஃபூரியர் வடிகட்டி: அகலாங்கு உயர உயரக் குறுகிய அலைகளை வெட்டி எறிவது. மாடல் உடையாது. ஆனால் பகல் பக்கத்துப் பிளாஸ்மா நாக்குப்போல நீண்டு துருவத்தைக் கடந்து செல்வது அந்த இடத்தின் வழியாகத்தான். அந்த நாக்கின் கூர்மையை இயற்கை அழிக்கவில்லை, நம் வடிகட்டி அழிக்கிறது. 2021இல் டோங் டாங் குழுவினர் வெளியிட்ட முறை எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். துருவத்தைச் சூழ்ந்த வளையங்களில் அடுத்தடுத்த கட்டங்களைக் குழுவாக்கிச் சராசரி எடுத்து, குழுவுக்குள் மதிப்புகளை மறுபடி கட்டமைக்கிறார்கள். மொத்த அளவு மாறுவதில்லை, வடிவமும் பெரிதும் மிஞ்சுகிறது.

காலத்திலும் ஒரு வடிகட்டி உண்டு. ஒரு படியைத் தாண்டிக் கணக்கிடும் தவளைத்தாவல் முறையில் ஒற்றைப் படிகளும் இரட்டைப் படிகளும் தனித்தனிப் பாதையில் பிரியும். ராபர்ட்–ஆசெலின் வடிகட்டி அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். 2009இல் பால் வில்லியம்ஸ் அதில் செய்த சிறு திருத்தம் மூன்று படிகளின் சராசரியைக் கெடாமல் காக்கிறது. சில வரிகளில் முடியும் வேலை, எல்லோரும் செய்யலாம்.

என்னை அதிகம் உறுத்துவது ஆக்சிஜன் அயனி. இரவுப் பக்கத்தில் அது மிகவும் குறைந்து, செங்குத்தான சரிவுகளின் ஓரத்தில் கணக்கு எதிர்ம எண்ணைத் தந்துவிடும். எதிர்ம அடர்த்தி என்று ஒன்று கிடையாது என்பதால் கோடில் ஒரு குறைந்தபட்ச மதிப்பை வைத்து அதற்குக் கீழே இறங்காமல் தடுப்பது வழக்கம். ஒவ்வொரு தடுப்பும் இல்லாத அயனிகளை உண்டாக்குகிறது. புயலுக்குப் பிந்தைய இரவில் பிளாஸ்மா எவ்வளவு குறைந்தது என்று ஆராய வருபவருக்கு அந்த எண் வானத்திலிருந்து வந்ததா, நாம் போட்டதா என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு காலப்படியிலும் தடுப்பு எத்தனை புள்ளிகளில், எந்த உயரத்தில் வேலை செய்தது, எவ்வளவு அயனியைச் சேர்த்தது என்று எண்ணி, மற்ற முடிவுகளோடு அதையும் கோப்பில் எழுத வைக்கிறேன். புயல் ரன் முடிந்ததும் முதலில் திறப்பது அந்தப் பட்டியலைத்தான். எண்ணிக்கை ஏறியிருந்தால் அயனிக்கு மட்டும் காலப்படியைத் துண்டுபோட்டு மறுபடி ஓட்டுகிறேன். வடிகட்டியின் பலத்தைக் கூட்டுவதில்லை.