தரிப்பிடம்

பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்றொரு பழைய கட்டடம் உண்டு. பெயருக்கேற்றபடி தெருவையே மூடி நிற்கிறது. நடுவால் வீதி போகிறது. இரு மருங்கிலும் கற்றூண்களோடு உயர்ந்த திண்ணைகள். பஸ் இல்லாத காலத்து வழிப்போக்கன் அதில் இருந்தான், படுத்தான், எழும்பிப் போனான். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் மடத்தோடு கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பு தேய்க்க ஆவுரஞ்சிக்கல் என்று வைத்தார்கள். களைத்து வருகிற உடம்புக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் கட்டியவை அவை.

இன்றைய பஸ் தரிப்பிடங்களிலும் சில யாரோ ஒருவரின் ஞாபகார்த்தமாகக் கட்டப்பட்டவைதான். பெயர் பெரிதாக இருக்கும். நிழலோ பின்னேரமானால் கூரைக்கு வெளியே விழும். வெயில் சாய்கிற பக்கம் பார்த்துக் கட்டியிருந்தால், பிள்ளைத்தாய்ச்சி எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் போய் நிற்க வேண்டியதில்லை.

1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் புத்தளத்திலிருந்து உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சோனகதெருவில் எங்கள் வீட்டுக்குக் கூரையில்லை, நிலையில்லை, யன்னலில்லை. உம்மாவுக்குக் கால் உளைந்தது. பெரிய வீதிக்கு வந்து, ஒரு தரிப்பிடத்துச் சீமெந்து வாங்கில் இருத்தினேன். பிறந்த ஊரில், "ஆர் நீங்கள்?" என்று கேட்காமல் அவருக்கு இருக்க இடம் தந்தது அதுதான். மூன்று பஸ் வந்து போயின. நாங்கள் ஏறவில்லை.

பஸ்ஸை நிறுத்த ஒரு கம்பமும் பலகையும் போதும். கூரையும் வாங்கும் மனிசருக்கு. புதிதாகக் கட்டுகிறவர்கள் வாங்கைக் கொஞ்சம் அகலமாகப் போடட்டும்.