ஆறு நூலும் இருபது மில்லியும்

கோயம்புத்தூரில், கணபதியிலிருந்து ஆவாரம்பாளையம் போகும் வழியில், ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த லேத்துப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் அடுக்கியிருக்கும் பம்பு ஷாஃப்டுகளும், செருப்பைத் துளைத்துக் காலில் குத்தும் இரும்புச் சுருளும்தான் அடையாளம். கோயம்புத்தூர் பம்புகளின் பெயர் பெரிய ஆலைகளின் வாசலில் இருக்கும். வேலையில் பாதி இப்படிப்பட்ட சந்துகளில் நடக்கும். மழை பிடித்துவிட்டால் பம்பு ஆர்டர் மந்தமாகும். அப்போதுதான் பட்டறைக்காரருக்குச் சொந்த வேலை பார்க்க நேரம் கிடைக்கும். இந்த ஐப்பசியில் அந்தச் சொந்த வேலை, பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய அக்கா மகன் ஒரு தோழனோடு சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கும் மினி பைக்.

நான் போனபோது பைக் ஸ்டூல்மேல் ஏறி நின்றிருந்தது. ஒரு இன்ச் குழாயை வளைத்துப் பற்றவைத்த சட்டம், 14 இன்ச் உயரத்தில் இரண்டு தடித்த டயர், நடுவில் பழைய களையெடுக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிய ஆறரை ஹெச்பி பெட்ரோல் எஞ்சின். கியர் கிடையாது. எஞ்சின் ஷாஃப்டில் ஒரு கிளட்ச், அதிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு செயின், அவ்வளவுதான். எஞ்சினைப் பற்றிக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் மேசைமேல் கிடந்த ஒரு கிளட்ச் டிரம்மை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதப் பாருங்க மொதல்ல."

உள்ளங்கையில் அடங்கும் எஃகு டிரம். மயில் கழுத்துபோல நீலம் பூத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன்; கருகிய பிரேக் வாசனை.

"பசங்க மூணு நாள்ல எரிச்சுட்டாங்க. என்னையக் கேக்கவே இல்லீங்க."

மருமகன் தலையைச் சொறிந்தான்.

இந்தக் கிளட்சுக்கு லீவர் கிடையாது. எஞ்சின் ஷாஃப்டோடு சுற்றும் நடுப்பாகத்தில் சிறு ஷூக்கள். அவற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்வரை ஷூக்கள் அடங்கிக் கிடக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்று வந்ததும் வெளியே விரிந்து டிரம்மைக் கவ்வும். டிரம்மோடு ஒட்டிய பல்சக்கரம் செயினை இழுக்கும். டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 1980இல் ஓசூரிலிருந்து வந்த அந்த மொபெட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் போதும், வண்டி தானே நகரும். பால்காரரும் காய்கறிக்காரரும் நாற்பது வருடமாக இந்தத் தத்துவத்தின் மேல்தான் மூட்டை ஏற்றி வந்திருக்கிறார்கள்.

பையன்கள் செய்த தப்பு என்ன? பின்சக்கரத்தில் 40 பல் போட்டார்கள். கிளட்சில் 10 பல். எஞ்சின் நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இந்த எஞ்சினின் உச்சம் சுமார் 3600 சுற்று. டயரின் சுற்றளவு 44 இன்ச். கணக்குப் போட்டால் மணிக்கு 60 கிலோமீட்டர் வருகிறது. காகிதத்தில் சரிதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அந்தக் கணக்கே கழுத்தைப் பிடிக்கும். ஆள் பாரத்தைத் தூக்கி நகர்த்தத் திணறும் நேரமெல்லாம் ஷூ டிரம்மில் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கினால் சூடு. சூடு ஏறினால் நீலம்.

"அறுபது பல்லு போட்டா ஆறுக்கு ஒண்ணு. நாப்பது கிலோமீட்டர்தான் போகும். தென்னந்தோப்புக்குள்ள அதுக்கு மேல எங்கடா போறே?" என்றார் மருமகனைப் பார்த்து.

தோப்பு என்று அவர் சொன்னதில் இன்னொரு அர்த்தமும் உண்டு. பதிவெண் இல்லாத வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. வீட்டில் கட்டிய இதற்கு யார் பதிவெண் தருவார்கள்? சொந்தத் தோப்பின் வேலியைத் தாண்டக் கூடாது என்பதுதான் அவர் பட்டறையைத் திறந்துவிட்டதற்கு நிபந்தனை.

உலகத்தில் குட்டி பைக்குகள் பெரும்பாலும் ஏதோ ஓர் அடைப்புக்குள் ஓடத்தான் பிறந்திருக்கின்றன. ஹோண்டா 1961இல் செய்த இசட்100, டோக்கியோவுக்கு அருகே டாமா டெக் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டுவதற்காக. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் பாராசூட் படைக்காக மடித்து வைக்கும்படி செய்த வெல்பைக்கும் குட்டிதான், 98 சிசி எஞ்சின். அதை மட்டும் வேலிக்குள் ஓட்டச் சொல்லி யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

புதுக் கிளட்ச் வந்திருந்தது. அதில் புது வம்பு. ஆன்லைனில் வாங்கியதன் உள்துளை முக்கால் இன்ச். எஞ்சின் ஷாஃப்டோ 20 மில்லி. முதல் எஞ்சினின் ஷாஃப்ட் முக்கால் இன்ச். அது போய், கிடைத்த இரண்டாவது எஞ்சின் இது. ஒரே வகை எஞ்சின் இரண்டு அளவு ஷாஃப்டிலும் வரும் என்பது பையன்களுக்குத் தெரியாது.

நம் பட்டறைகளில் ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். முக்கால் இன்ச் என்றால் ஆறு நூல், அதாவது 19.05 மில்லி. 20 மில்லிக்கு இன்னும் ஒரு மில்லிகூட முழுசாக வேண்டாம். ஆனால் அந்த 0.95 இல்லாமல் கிளட்ச் ஷாஃப்டில் ஏறாது.

"சுத்தியல்ல தட்டி ஏத்திடலாமான்னு கேட்டானுங்க இவன்."

நடுப்பாகத்தை நாலு தாடை சக்கில் பிடித்தார். டயல் கேஜை ஒட்டவைத்து, சக்கைக் கையால் சுற்றி, முள் ஆடும் பக்கத்துத் தாடையைத் தளர்த்தி எதிர்த் தாடையை இறுக்கினார். மறுபடியும் சுற்றல், மறுபடியும் இறுக்கல். கால் மணி நேரம் இதுவே. எனக்குப் பொறுமை போய்விட்டது. முள் அசையாமல் நின்ற பிறகுதான் மோட்டாரைப் போட்டார். துளையை ஒரேயடியாகக் கடையவில்லை. முடி கனத்துக்கு ஒரு வெட்டு, ஷாஃப்டைக் கொண்டுவந்து சரிபார்ப்பு, அடுத்த வெட்டு. கடைசி வெட்டுக்குப் பின் கிளட்ச் விரலால் தள்ள உள்ளே போனது, ஆட்டம் இல்லை.

அடுத்தது கீ போகும் பள்ளம். ஸ்லாட்டிங் மிஷின் இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. இதற்காக அங்கே போவானேன் என்று லேத்திலேயே செய்தார். மோட்டாரை நிறுத்தி, சக் சுற்றாமல் பூட்டி, டூலைப் படுக்கவைத்து, கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினார். ஒவ்வொரு தள்ளலுக்கும் நகக்கண் அளவு இரும்பு சுருண்டு வந்தது. நாற்பது தள்ளலாவது இருக்கும். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒடிசாவிலிருந்து வந்து ஆறு வருடமாக இங்கே வேலை செய்பவர், "அண்ணா, நான் தள்றேன்" என்று வந்தார். "இருப்பா, கணக்கு மறந்துரும்" என்று அவரை அனுப்பிவிட்டார்.

கிளட்சை மாட்டும்போது பல்சக்கரம் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டுமா, வெளிப்பக்கமா என்று ஒரு வழக்கு. வெளியே இருந்தால் செயின் மாட்டச் சுலபம் என்றான் மருமகன்.

"குடத்த இடுப்புல வெச்சா நடக்கலாம் மாப்ளே. கைய நீட்டித் தூக்கிட்டு நடந்து பாரு."

செயினின் இழுப்பு பேரிங்குக்குப் பக்கத்தில் விழ வேண்டும் என்பது இதற்குள் இருக்கிறது. நுனியில் விழுந்தால் எஞ்சின் ஷாஃப்டுக்குத்தான் கேடு. டிரம்முக்குள் இருக்கும் கன்மெட்டல் புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். மூன்றாவது சொட்டை விடவில்லை. ஷூவில் பட்டால் வழுக்கும். நுனி போல்ட்டை இறுக்கியபின் டிரம் பக்கவாட்டில் மயிரிழை ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடத்தான் வேண்டும், வாஷர் நெரித்தால் டிரம் சும்மா நிற்காது, ஐட்லிலேயே வண்டி நகரப் பார்க்கும்.

"இந்தப் புஷ்ஷு ஓடும்போது தேயாதுங்க. நிக்கும்போதுதான் தேயும்."

யோசித்தால் சரிதான். கவ்வியபின் ஷாஃப்டும் டிரம்மும் ஒன்றாகச் சுற்றும், உரசலே இல்லை. வண்டியை நிறுத்தி எஞ்சினை உறுமவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளே ஷாஃப்ட் சுற்ற, டிரம் நிற்க, நடுவில் புஷ் அரைபடும்.

செயின் டப்பாவின்மேல் 420 என்று அச்சிட்டிருந்தது. பையன்கள் சிரித்தார்கள். மோசடி வழக்குக்கு இப்போது பிரிவு எண்ணே மாறிவிட்டது, ஆனாலும் 420க்குக் கிடைத்த பெயர் போகுமா? அந்த எண்ணுக்குள் நம் நூல் கணக்கு ஒளிந்திருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் எண் 4: ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நான்கு நூல், அதாவது அரை இன்ச். அடுத்த 20: உள் அகலம் இரண்டு நூல். 428 என்றால் கண்ணி அதேதான், அகலம் இரண்டரை நூல். இதை வகுத்தவர்கள் நூல் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். எட்டில் ஒரு இன்ச் அவர்களுக்கும் அதே எட்டில் ஒரு இன்ச்தான்.

இரண்டு பல்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க லேசர் எதுவும் வரவில்லை. கொத்தனார் கயிறு வந்தது. பின்சக்கரத்துப் பல்லின் முகத்தில் ஒட்டிப் பிடித்து முன்னால் இழுத்தார்கள். கிளட்சுப் பல்லுக்கு வந்தபோது கயிறு ஒரு நூல் விலகி நின்றது. எஞ்சின் தட்டுக்கு அடியில் வாஷர் போடலாம் என்றான் தோழன். பட்டறைக்காரர் கேட்கவில்லை, பின்பக்க ஹப்பைக் கழற்றி லேத்தில் ஒரு நூல் கடைந்தார். கோணலாக ஓடும் செயின் பல்லின் பக்கவாட்டைத் தின்னும் என்பது அவர் கணக்கு.

இணைப்புக் கண்ணியின் கிளிப்பை மருமகன் மாட்டினான். திறந்த வாய் முன்பக்கம் பார்த்தது. தலையில் தட்டு விழுந்தது.

"மீனு எப்படி நீந்தும்? தலை முன்னால, வாலு பின்னால."

மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருந்தால்தான் எதிலாவது உரசினாலும் கிளிப் கழன்று தெறிக்காது. பிறகு சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறது என்று தேடினார். பல்சக்கரம் என்னதான் செய்தாலும் கொஞ்சம் மையம் தப்பித்தான் இருக்கும். அந்த இறுக்கமான இடத்தில் நான்கு நூல் தொய்வு இருந்தால் மற்ற இடத்தில் பயமில்லை. தோழன் கையில் பழந்துணியோடு செயினைத் துடைக்கப் போனான். பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லாமல் தன் இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டினார். நகம் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. தோழன் துணியைக் கீழே வைத்துவிட்டான். தகரக் கவசம் போட்டபின்தான் ஸ்டூலிலிருந்து வண்டி இறங்கியது.

தோப்பு காளப்பட்டிப் பக்கம். மழை விட்டு மண் இறுகியிருந்தது. மருமகன் ஏறி முறுக்கினான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் சத்தம் ஏறியது. பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல வண்டி கிளம்பியது. மரங்களுக்கு நடுவே மூன்று சுற்று. என்னையும் ஏறச் சொன்னார்கள். முழங்கால் தாடையைத் தொடும் அந்த இருக்கையில் நான் போன வேகம் இருபதைத் தாண்டியிருக்காது. ஆனால் மண்ணுக்கு அவ்வளவு அருகில் போகும்போது இருபதே அறுபதாகத் தெரிகிறது.

பட்டறைக்காரர் ஓட்டவில்லை. வண்டி நின்றதும் குத்தவைத்து உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டு டிரம்மில் வைத்தார். சத்தம் வரவில்லை. செயினை நடுவில் அழுத்திப் பார்த்தார். நான்கு நூல் இருந்தது ஐந்தாகியிருந்தது.

"புதுச் செயினு. இன்னிக்கு ஒக்காரும்" என்றவர் ஸ்பேனரை எடுத்து எஞ்சின் தட்டின் நான்கு போல்ட்டையும் தளர்த்தினார். "அரை நூல் முன்னால தள்ளு மாப்ளே. மெதுவா. அரை நூலுன்னேன்."