சில்லறையில் ஒரு பட்டுச்சேலை



நம்ம ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அதை நெய்யும் என் அம்மாவிடம் ஒரு பட்டுச்சேலைகூட இல்லை. பட்டு நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. எங்கள் தறியில் ஒரு பாவு ஏற்றினால் மூணு சேலை. மூன்றையும் மடித்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கி வருவோம். சித்தி கல்யாணத்துக்கு அம்மா கட்டிக்கொண்டு போனது நைலக்ஸ் சேலைதான்.

அதனால் போன வருஷம் தை மாசம் ஒரு மண் உண்டியல் வாங்கி, 'பட்டு உண்டியல்' என்று பெயர் வைத்தோம். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா? பஸ்ஸில் போய் வரும் நாளெல்லாம், டிக்கெட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பத்து ரூபாயை அம்மா அதில் போடுவாங்க. பால் வாங்கிய மிச்சத்தை நான் போடுவேன்.

சில கடைகளில் பத்து ரூபாய் காசைச் செல்லாது என்று திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்பது சட்டம். இதை அம்மாவிடம் சொன்னேன். "வாங்காத வரைக்கும் நல்லதுடி, செலவு பண்ணத் தோணாது" என்று சிரித்தார்கள்.

சேலத்தில் ஒரு அண்ணன் மூணு வருஷம் ஒரு ரூபாய் காசாகச் சேர்த்து, 2022-ல் 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்க்கு பைக் வாங்கினார். எண்ணி முடிக்கவே பத்து மணி நேரம் ஆனதாம்!

எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பத்து ரூபாய் காசு 412, ஐந்து ரூபாய் காசு 150. மொத்தம் 4,870 ரூபாய். பத்து ரூபாய் காசு மட்டுமே மூணு கிலோவுக்கு மேல் கனம். சேலை விலை ஏழாயிரம். இன்னும் 2,130 வேணும்.

அப்பா பார்த்துவிட்டு, "நெய்யறவங்களுக்கு எதுக்குப் பட்டு? பாப்பாவுக்கு டென்த் டியூஷன் கட்டலாமே" என்றார். அம்மா ஒண்ணும் பேசவில்லை. காசை எல்லாம் என் பக்கம் தள்ளினாங்க. நான் சொன்னேன்: "டியூஷன் வேணாம்ப்பா, ஸ்கூல்லயே ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. இது அம்மாவோடது." அப்பா எழுந்து போய்விட்டார். ஆனால் அடுத்த கூலி வாங்கி வந்தபோது, சட்டைப் பையிலிருந்த சில்லறையை என் கையில் கொடுத்து, "போடு" என்றார்.

"உனக்கு என்ன கலர்மா வேணும்?" என்று அம்மாவைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "தெரியலடி. அவங்க சொல்ற கலரைத்தானே நெய்யறேன்" என்றார்கள்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். தோழிகளே, உங்கள் வீட்டிலும் தறி இருந்தால், உங்கள் அம்மாவுக்குப் பிடித்த கலர் என்ன என்று இன்றைக்கே கேளுங்கள். பதில் வந்ததும் ஒரு உண்டியல் வாங்குங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி