பொட்டிப்புரம் மலையும் கல் டயல் வாட்ச்சும்

தேனி மாவட்டத்தில் தேவாரம் பக்கம் போகிறவர்கள் பொட்டிப்புரத்தில் கொஞ்சம் நின்று அம்பரப்பர் மலையைப் பாருங்கள். அந்தப் பாறை ஊர்க்காரர்களுக்குக் கருங்கல், புவியியலில் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893-ல் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர். அந்தக் கல் நம் பல்லாவரத்திலிருந்து போனது என்பார்கள்!

இவ்வளவு கல்லைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கைக்கடிகாரம். சுவிட்சர்லாந்தின் பியாஜே நிறுவனம் 1960-களில் வாட்ச் டயலையே இயற்கைக் கல்லில் செய்தது. நீல லாபிஸ், பச்சை மாலகைட், புலிக்கண் கல் என்று விதவிதமாக. கல்லைக் காகிதம்போல மெல்லிசாக அறுத்து, நடுவில் முள்ளுக்குத் துளை போட வேண்டும். அதிலேயே பல கற்கள் விரிந்துவிடும். தப்பியவற்றிலும் ஒன்றின் வரியோட்டம் இன்னொன்றுக்கு இருக்காது. உடைந்தால் அதே டயல் திரும்பக் கிடைக்காது. தாத்தாவின் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால், டயலைக் கழற்றிப் பாலிஷ் போட மட்டும் விடாதீர்கள்.

மலையிலோ கனம்தான் தேவைப்பட்டது. சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை விண்வெளிக் கதிர்களைத் தடுக்கும் என்றுதான் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெடி வைத்துக் குடைந்தால் மலையும் தண்ணீரும் என்னாகும் என்று கேட்டார்கள் ஊர்க்காரர்கள். நியாயமான கேள்விதான். 2022-ல் தமிழக அரசு, அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

காலையில் போங்கள், வெயில் நேராக மலைமேல் விழும். உடைந்த கல் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கருப்புக்குள் லேசாகப் பச்சை ஓடும்.